வெள்ளை எழுத்தைக் கண்டால் இரைந்த டிவி: பழுதுபார்ப்புக் கடை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

1983 தீபாவளிக்கு என் தந்தை வாங்கிய 20 அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி, இழுத்து மூடும் ஷட்டர் கதவும் நான்கு மரக்கால்களுமாக, பெரம்பூர் வீட்டின் மாடியறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போர்வை போர்த்திக் கிடந்தது. சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதைக் கீழே இறக்கினோம். எடைக்குப் போட மனம் வராததால், பழைய பொருள்களைப் புதுப்பித்துத் தரும் ஓரிடத்தில் கொடுத்தேன். மரத்துக்குப் பாலிஷ் போட்டு, படமும் வரவழைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். படத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் யார் பேசினாலும் அந்தப் பேச்சுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனேன். முதல் முறை ஒலிப் பகுதியின் ஐ.சி.யை மாற்றினார்கள், இரண்டாம் முறை ஸ்பீக்கரை மாற்றினார்கள். இரைச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாம் முறை தொலைபேசியில் அழைத்தபோது, பழைய டிவி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒரு நண்பர் சொல்லி, ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் முதல் மாடியில் இருக்கும் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குப் போனேன். இந்த மதிப்புரை அந்தக் கடையைப் பற்றியது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையையே முடிக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம், அது உண்மையும்கூட. எழுபதை நெருங்கும் பெரியவர் அவர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் ரேடியோ வேலையிலிருந்து டிவி வேலைக்கு மாறியவர். உதவிக்குத் தங்கை மகன் ஒருவர் இருக்கிறார்.

கடையில் நுழைந்ததும் டிவியைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டது இதுதான்: “எப்ப இரையுது சார்?”

“எப்பவுமே இரையுதுங்க ஐயா.”

“எப்பவுமே இரையற டிவியை நான் பார்த்ததில்லை. சவுண்டைச் சுத்தமாக் குறைச்சா இரையுதா? சேனல் மாத்துனா கூடக்குறைய ஆகுதா? எதுல மாட்டிப் பார்க்கறீங்க?”

என்னிடம் எந்தக் கேள்விக்கும் ஒழுங்கான பதில் இல்லை. வீட்டில் எதை இணைத்துப் பார்க்கிறேனோ அதையும், அதன் ஒயரையும் சேர்த்து எடுத்து வரச்சொல்லி அனுப்பிவிட்டார். முதல் நாள் போனது வீண் என்று அன்றைக்குச் சலித்துக்கொண்டேன். முதல் கடையில் யாருமே கேட்காத அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பதில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வகைப் பெட்டியை இப்போது எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காகச் சிறு விளக்கம். மொட்டைமாடி ஆன்டெனாவில் பிடித்த பழைய அனலாக் ஒளிபரப்பு சென்னையில் இப்போது கிடையாது. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும், மாடுலேட்டர் என்னும் ஒரு சிறு டப்பாவின் வழியாக மறுபடி ஒரு சேனலாக மாற்றி, ஆன்டெனா துளைக்குள் கொடுத்தால்தான் பழைய டிவி எதையாவது காட்டும். எங்கள் பெட்டியில் சேனலைப் பிடிக்கும் பகுதியான ட்யூனர், வி.எச்.எஃப். என்னும் தாழ்ந்த அலைவரிசைச் சேனல்களை மட்டும் பிடிக்கக்கூடியது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மாடுலேட்டர்கள் பல அதைவிட உயர்ந்த யு.எச்.எஃப். சேனலை மட்டுமே வெளியிடுவதால் இதற்கு உதவாது. ஒலி அலை, பட அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும்படி அமைந்ததாகவும் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க முறைக்கான 4.5 மெகாஹெர்ட்ஸ் டப்பாவை மாட்டினால் படம் ஏதோ வரும், பேச்சு வராது. இவ்வளவையும் பார்த்துத்தான் நான் வாங்கியிருந்தேன் என்பதால் மாடுலேட்டர்மேல் எனக்குச் சிறிதும் சந்தேகம் எழவில்லை.

மறுவாரம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். டிவியை மேசையில் ஏற்றி, முதுகுப் பலகையைக் கழற்றும்முன் ஒரு கனமான டிரான்ஸ்பார்மரின் வழியாக மின்சாரத்தைக் கொடுத்தார். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒலிக் குமிழைச் சுத்தமாகக் குறைத்து, ஸ்பீக்கர் துணியருகே காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். மெல்லிய, சீரான ஓர் உறுமல் இருந்தது. பிறகு குமிழைப் பாதி ஏற்றினார். உறுமலுக்கு மேல் வேறொன்று, பல்லைக் கடிப்பதுபோல் ஒரு கரகரப்பு சேர்ந்துகொண்டது. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினார். திரை முழுவதும் புள்ளி; ஒலியில் மழை பெய்வதுபோல் ‘சோ’ என்ற சத்தம்; கரகரப்பு போய்விட்டது. ஒயரைத் திரும்பச் செருகினார், கரகரப்பும் திரும்பியது. திரைப்படம் ஓடும் சேனலில் அது அடங்கியும், கீழே வெள்ளை எழுத்து ஓடும் செய்திச் சேனலில் ஓங்கியும் கேட்டது. படம் மேலும் கீழும் ஓடாமல் நிறுத்தும் குமிழையும் ஒருமுறை திருகிப் பார்த்தார். இரைச்சலின் சுருதி மாறவில்லை என்பதால் அந்தப் பகுதியிலிருந்து கசிவு இல்லை என்று விட்டுவிட்டார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு ஸ்க்ரூவும் கழற்றப்படவில்லை.

“உங்க டிவியில ஒண்ணு இல்ல சார், ரெண்டு இரைச்சல் இருக்கு. ஒண்ணு ஹம். இன்னொண்ணு பஸ்.” பஸ் என்றதும் ஒரு கணம் கீழே போகும் பேருந்தைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது ‘buzz’ என்ற ஆங்கிலச் சொல். தொழிலில் இந்த இரண்டும் இரண்டு நோய்களின் பெயர்கள்: சீரான உறுமல் ஹம், கரகரப்பு பஸ். நாம் பொதுவாக இரைச்சல் என்று ஒரே சொல்லில் அடக்குவதை அவர்கள் பிரித்துப் பெயரிட்டு வைத்திருப்பதில்தான் வேலையே தொடங்குகிறது.

இவற்றைப் பிரிப்பது நம் ஊர் டிவிகளில் சற்றுக் கடினம் என்பதையும் அவரே விளக்கினார். எங்கள் பெட்டியில் வீட்டு மின்சாரம் ஒற்றை டையோடு வழியாக நேர் மின்சாரமாக மாறுவதால், வடிகட்டப்படாமல் மிஞ்சும் அதிர்வு விநாடிக்கு 50 முறை வரும். படமும் விநாடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது; அதிலிருந்து ஒலிக்குள் கசிவதும் 50தான். சுருதி ஒன்றே என்பதால் சுருதியை வைத்துப் பிரிக்க முடியாது. மிருதுவாக இருக்கிறதா, முள்ளாகக் குத்துகிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கண்ணாலும் ஒரு சாட்சி உண்டு. நம் மின்சாரம் அச்சாக 50இல் நிற்பதில்லை; 49.90 முதல் 50.05 வரை ஊசலாடலாம் என்பதே விதி. செட்டாப் பாக்ஸின் படமோ கிட்டத்தட்டத் துல்லியமாக 50இல் வருகிறது. அந்தச் சிறு வித்தியாசத்தால், மின்சாரத்திலிருந்து வரும் கோளாறு திரையில் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல மேலேயோ கீழேயோ நகரும். எங்கள் டிவியில் படத்தின் வலது ஓரம் லேசாக வளைந்து, அந்த வளைவு நத்தை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்ததை அவர் விரலால் காட்டியபோதுதான் கவனித்தேன். மூன்று மாதம் பார்த்த டிவி அது.

முதலில் ஹம். முதுகுப் பலகையைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. மின்சாரப் பகுதியில் அதிர்வை வடிகட்டும் பிரதான பில்டர் கண்டென்சர், உள்ளங்கை நீள அலுமினிய டப்பா, 200, 200, 50 மைக்ரோஃபாரட் என்று மூன்று பிரிவுகளாக அச்சிட்டது. முன்பு வேலை பார்த்தவர்கள் அதைக் கழற்றாமல், பக்கவாட்டில் ஒரு புதிய கண்டென்சரை ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஒரே டப்பாவில் மூன்று பிரிவு உள்ளது இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் பலரும் செய்யும் குறுக்குவழி இது. பழையதைத் தனியே கழற்றி மீட்டரில் வைத்தபோது 200 என்று போட்ட முதல் பிரிவு 60ஐத் தாண்டவில்லை. உள்ளே இருந்த ஈரப்பசை காய்ந்துவிட்டது. உயிர்போன கண்டென்சரைச் சுற்றில் விட்டுவைத்தால் புதியதும் அதனோடு சேர்ந்து சூடாகும் என்று சொல்லி, மூன்று தனித்தனிப் புதிய கண்டென்சர்களை அடியில் பொருத்தினார். பழைய டப்பாவை இணைப்பில்லாமல் அதே இடத்தில் அழகுக்கு நிறுத்திவைத்தார். ஒலிப் பகுதி ஐ.சி.க்குப் பக்கத்திலிருந்த சிறிய கண்டென்சர் இரண்டையும் மாற்றினார். குமிழைக் குறைத்தால் வந்த உறுமல் அன்றே அடங்கியது. படத்தின் ஓரமும் நேரானது.

பஸ் என்பதுதான் நான்கு வாரம் எடுத்தது, இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

இந்த டிவிகளில் ஒலிக்கென்று தனி வழி கிடையாது. பட அலையும் ஒலி அலையும் ஒன்றாகவே உள்ளே வந்து, ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வித்தியாசமான 5.5 மெகாஹெர்ட்ஸாக ஒலி பிறக்கிறது. சிக்கனமான, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ட்யூனர் சற்று நகர்ந்தாலும் ஒலி தவறாது. ஆனால் இந்தக் கூட்டுக்குடித்தனத்தில் பட அலையின் ஏற்ற இறக்கம் ஒலிக்குள் கசியும் அபாயம் எப்போதும் உண்டு. அதைத் தடுப்பது அடுத்து வரும் ஐ.சி.யின் வேலை, எங்கள் பெட்டியில் டிபிஏ 120. ஒலி அலையின் அதிர்வெண் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உயர ஏற்றத்தாழ்வைச் சீவித் தள்ளுவது அது. அந்த ஐ.சி. ஒழுங்காக வேலை செய்ய, பக்கத்தில் இருக்கும் காயில் என்னும் ஒரு சிறு கம்பிச்சுருள் சரியாக 5.5இல் நிற்க வேண்டும். சற்று விலகினாலும் பேச்சு வரும், கூடவே படமும் ‘பேசும்’.

முதல் கடையில் மாற்றியது இந்த ஐ.சி.யைத்தான். புதிய ஐ.சி. நல்ல நிலையில் இருந்தது. அதற்கு முன்பிருந்ததும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும் என்பது பெரியவரின் கருத்து. பழுது காயிலில் இருந்தது. அதன் நடுவே திருகுபோல் ஏறி இறங்கும் கறுப்பு ஃபெரைட் கோர் ஒன்று உண்டு. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, அதன் தலையைப் பார்க்கச் சொன்னார். நடுப்பள்ளத்தின் ஒரு மூலை உடைந்து, உடைந்த துணுக்கு பக்கவாட்டில் செருகிக்கொண்டிருந்தது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரின் பளபளப்பான கீறல் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கோரை பிளாஸ்டிக் திருகியால்தான் திருப்ப வேண்டும். இரும்பை உள்ளே விட்டால் அந்த இரும்பே காயிலின் அளவை மாற்றிவிடும். சரியென்று தோன்றும் இடத்தில் நிறுத்திக் கருவியை வெளியே எடுத்தால் எல்லாம் நகர்ந்திருக்கும். அவசரப்பட்டால் கோரும் உடையும். இங்கே இரண்டுமே நடந்திருந்தன.

மாற்றுக் கோருக்காகத்தான் நாள்கள் ஓடின. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுக் காயில் கிடைத்ததும் என்னை அழைத்தார். அன்று அவர் ட்யூன் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். பேட்டர்ன் ஜெனரேட்டர் என்னும் பழைய கருவியிலிருந்து கட்டம்போட்ட படத்தைக் கொடுத்து, பல் குத்தும் குச்சி போன்ற பிளாஸ்டிக் திருகியால் கோரைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினார். ஒலி மெல்ல உயர்ந்தது. கரகரப்பு குறைந்து, ஓரிடத்தில் அறவே மறைந்து, அதைத் தாண்டியதும் மறுபடி தலைகாட்டியது. மறைந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்தி, கோர் நகராமலிருக்க ஒரு சொட்டு மெழுகு விட்டார். அந்த நேரம் முழுவதும் மீட்டரைப் பார்க்கவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தீர்ந்தது என்று எழுந்தேன். “இருங்க சார், உங்க டப்பாவை மாட்டுவோம்” என்று என் செட்டாப் பாக்ஸையும் மாடுலேட்டரையும் இணைத்துச் செய்திச் சேனலை வைத்தார். கரகரப்பு வந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் வந்தது. அடியில் வெள்ளை எழுத்து வரிசை ஓட ஓட, அதோடு ஒட்டியே ‘கர்ர்’ என்று கேட்டது. ஜெனரேட்டரில் இல்லாதது மாடுலேட்டரில் வருகிறது என்றால் டிவி நிரபராதி.

இதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதியது. நம் ஒளிபரப்பு முறையில் திரை எவ்வளவு வெள்ளையோ அவ்வளவுக்குப் பட அலையின் பலம் குறையும். ஆனால் எவ்வளவு வெள்ளையானாலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது அலை மிஞ்ச வேண்டும். அது மிஞ்சினால்தான் ஒலி அலை கலப்பதற்குத் துணை இருக்கும். மாடுலேட்டருக்குள் போகும் படச் சமிக்ஞை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால், பளீரென்ற வெள்ளை வரும் இடங்களில் பட அலை அடியோடு அற்றுவிடும். அந்தக் கணத்தில் ஒலியும் அறுந்து ஒட்டும். எழுத்து வரிசை ஒவ்வொரு படத்திலும் ஒரே உயரத்தில் இருப்பதால் அந்த அறுபடல் விநாடிக்கு 50 முறை நேர்ந்து, கரகரப்பாகக் கேட்கிறது.

சமிக்ஞை ஏன் பெரிதாயிற்று? செட்டாப் பாக்ஸின் மஞ்சள் துளையிலிருந்து வரும் சமிக்ஞை, மறுமுனையில் 75 ஓம் தடை இருக்கும் என்ற கணக்கில் 1 வோல்ட்டாக அமைக்கப்பட்டது. அந்தத் தடை இல்லாவிட்டால் அதுவே 2 வோல்ட்டாக இரட்டிக்கும். என் மாடுலேட்டரைத் திறந்து பார்த்தால், போர்டில் அந்த ரெசிஸ்டருக்கான இடம் அச்சிடப்பட்டிருந்தது. துளைகள் இரண்டும் காலியாக இருந்தன. செய்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். தங்கை மகன் டப்பாவைத் துழாவி 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரண்டு சொட்டு ஈயம் வைத்தார். செய்திச் சேனல் அமைதியாக ஓடியது. அதுவரை வெளுத்துக் கிடந்த வாசிப்பாளரின் சட்டையில் கோடுகள் இருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஆக, இரைச்சலுக்குக் காரணங்கள் மூன்று. இவற்றில் எந்த ஒன்றைத் தனியாகச் சரிசெய்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. ‘மாற்றியும் பயனில்லை’ என்றே சொல்லியிருப்பேன். முதல் கடைக்காரர்கள்மேல் எனக்குள்ள கோபம் இதனால் சற்றுத் தணிந்தது. கோரை உடைத்ததற்கான கோபம் தணியவில்லை.

டிரான்ஸ்பார்மரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மாடுலேட்டர் எதற்கு, படத்தையும் ஒலியையும் நேராக வாங்கும் ஏ.வி. இணைப்பை டிவியிலேயே வைத்துத் தரலாமே, அப்போது கரகரப்புக்கு வேலையே இல்லையே என்று நான் கேட்டேன். முடியாது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டு, டிவியை நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டி, உள்ளே சேசிஸ் தகட்டின்மேல் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. பிளக்கைத் திருப்பி மாட்டினால் எரியவில்லை. இந்த வகைப் பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகம் முழுவதும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. ஆன்டெனா துளையை மட்டும் கண்டென்சர் வைத்துப் பிரித்திருப்பார்கள். நேராக ஏ.வி. துளை வைத்தால் செட்டாப் பாக்ஸின் உலோகத்தைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். அதனால்தான் வேலை செய்யும்போது சுவரிலிருந்து பிரிக்கும் டிரான்ஸ்பார்மர். வீட்டில் தானே திறந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்த ஒரு பத்தியையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிக்சர் டியூபின் பக்கவாட்டு ரப்பர் மூடிக்குள் அணைத்தபிறகும் தங்கியிருக்கும் பல ஆயிரம் வோல்ட் வேறு இருக்கிறது.

கடையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆக்கினார்கள். தொலைபேசியை எடுப்பது அபூர்வம். நேரில் போனால்தான் நிலவரம் தெரியும், போனால் ஏறவேண்டிய படிக்கட்டோ 30 கிலோவுக்கு மேல் இருக்கும் டிவியோடு ஏறுவதற்கானது அல்ல. ரசீது ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதித் தரப்பட்டது. கூலியும் பொருளும் சேர்த்து 4,800 ரூபாய். இரைச்சலைத் தீர்க்காத முதல் கடைக்கு நான் அழுததில் பாதிகூட இல்லை என்றாலும், முதலிலேயே ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெசிஸ்டருக்குக் காசு வாங்கவில்லை. கழற்றிய பழைய பொருள்கள் அனைத்தையும், உடைந்த கோர் உட்பட, ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது டிவி கூடத்தில் நான்கு மாதமாக ஓடுகிறது. இரவில் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துத் துணியருகே காதை வைத்தால் மெல்லிய உறுமல் இன்னும் உண்டு. புதிதாக வந்தபோதே அவ்வளவு இருந்திருக்கும் என்கிறார் பெரியவர். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் கேட்காது என்பதால் நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். பழைய டிவியை இங்கே கொடுக்க நினைப்பவர்கள் மாடுலேட்டர், செட்டாப் பாக்ஸ், ஒயர் எல்லாவற்றையும் முதல் நாளே கையோடு கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம். அவசரக்காரர்கள் போக வேண்டாம். எங்கள் டிவியின் ஷட்டர் கதவுச் சாவியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாகச் சொல்லித் தன் மேசை அறையில் போட்டவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்.